உர மூட்டைக் கதை

ஆங்கிலத்தில் ‘அட் நோஸியம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பிறந்த வீடு லத்தீன், வாழ்க்கைப்பட்டது ஆங்கிலத்துக்கு. குமட்டல் வரும் வரைக்கும் என்று பொருள். ஒருவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம் உயிரை வாங்கினால், அந்த வாக்கியத்தின் வாலில் இதைக் கட்டிவிடுவார்கள். சொன்னார், அட் நோஸியம் சொன்னார். அதற்குமேல் அந்த ஆளைப் பற்றி ஏச ஒன்றும் மிச்சமிருக்காது.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலயில் உயர்தர வகுப்புக்கு நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்தச் சொல்லுக்கு உதாரணம் தேடி நான் அலைந்ததே இல்லை. உதாரணம் என் வீட்டிலேயே சாரம் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தது. ‘என் கணவர் தான் பெண் பார்க்க வந்த கதையை அட் நோஸியம் சொல்லுவார்’ என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பே சிரிக்கும். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையைக் கேட்டவர்கள்.

ஒரு முறை நிஷாந்தினி என்கிற மாணவி எழுந்து கேட்டாள். “டீச்சர், நல்ல விஷயத்துக்கு இதப் பாவிக்க ஏலாதா?”

“ஏலாது. எலக்‌ஷன் நேரம் ஸ்பீக்கர்ல கத்துறாங்களே, அதுக்குப் போடு. நிக்கவே எடமில்லாத பஸ்ஸில ‘உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க’ன்னு சொல்றானே, அவனுக்குப் போடு. அம்மா அட் நோஸியம் சோறு போட்டாங்கன்னு எழுதினா எங்கிட்ட புள்ளி கெடைக்காது.”

அவ்வளவு கறாராகச் சொன்னேன். இலக்கணப்படி இன்றைக்கும் அதுதான் சரி.

என் கணவர் கிருஷ்ணராஜ் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, எந்தக் கூட்டம் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும் என்று பிரித்துவிடுகிற வேலை. தொண்டை அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒருவரையும் விடமாட்டார். கல்யாண வீடு, காது குத்து, மீட்டர் பார்க்க வருகிற பையன், எல்லாருக்கும் அந்தக் கதைதான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. நான் இங்கே எழுதுவதற்கு அவரிடம் கேட்கத் தேவையில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்புவிப்பேன்.

“நாங்க பெரகல பக்கம். பொண்ணு ஹாலிஎல பக்கத்துத் தோட்டம். வேன் ஏறப் போற நேரம் பாத்து வீட்டாளுங்க ராகு காலம்னு உக்காந்துட்டாங்க. எனக்குப் பொறுக்கல. பஸ் ஏறி முன்னாடியே வந்துட்டேன். ஹாலிஎலயில எறங்கினா தோட்டத்துக்குப் போக ஒண்ணும் கெடைக்கல. உர லொறி ஒண்ணு வந்துச்சு, கைய நீட்டி ஏறிட்டேன். ஸ்டோர் வாசல்ல போயி குதிக்கிறேன், ஒரு மீசக்காரரு நிக்கிறாரு. ‘என்னடா பராக்குப் பாக்குற? மூட்டைய எறக்குடா’ங்கிறாரு. மீசையப் பாத்துட்டு நானும் எறக்க ஆரம்பிச்சுட்டேன். அவருதான் மாமனாருன்னு எனக்குத் தெரியாது. நான்தான் மாப்பிளன்னு அவருக்குத் தெரியாது. எறக்கி முடிச்சு உக்காந்தா, ஒரு பொண்ணு தேத்தண்ணி கொண்டாந்துச்சு. தகரக் கோப்பையில. மூஞ்சிய நிமுந்து பாக்கல. கைய நீட்டுங்கன்னு சொல்லி உள்ளங்கையில சீனியப் போட்டுட்டுப் போயிருச்சு. கை பூரா உரம். அதுவும் வெள்ள, இதுவும் வெள்ள. உரமா சீனியான்னு பாக்காம நக்கிட்டேன்.”

இந்த இடத்தில் நிறுத்துவார். கேட்பவர் சிரித்து முடிக்க அவகாசம் கொடுப்பார். பிறகு வலது கையின் சுட்டுவிரல் எழும்பி நேராக என்னைக் காட்டும்.

“எல்லா மூட்டையையும் அன்னைக்கே எறக்கிட்டேன். இந்த ஒரு மூட்டையத்தான் இன்னும் எறக்க முடியல.”

சரி, நடந்தது உண்மைதான். மீசைக்காரர் என் அப்பா வீரய்யா. தோட்டத்து ஸ்டோருக்குப் பொறுப்பு. அன்றைக்கு மூட்டை இறக்க வரவேண்டிய ஆட்கள் வரவில்லை, லொறியிலிருந்து ஓர் ஆள் குதித்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? நானும் சுமை தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கிற தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை உரமாக இருந்ததை நான் பார்க்கவில்லை. வேனில் வந்து இறங்கிய மாமியார், “எங்க மகன் வந்துட்டானா?” என்று கேட்டபோது அப்பாவின் மீசை தொங்கிப்போனதையும் நான் மறக்கவில்லை.

ஆனாலும் ஊரெல்லாம் மதிக்கிற ஒரு டீச்சரை, சபையில் விரல் நீட்டி மூட்டை என்று சொன்னால் எந்த மனைவிக்குத்தான் இனிக்கும்? அவர் “நாங்க பெரகல பக்கம்” என்று ஆரம்பித்ததுமே குசினியில் அடுப்படியில் நின்றபடியே “அட் நோஸியம்!” என்று கத்துவேன். “பாருங்க, டீச்சர் லத்தீன்ல ஏசுறாங்க” என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வெட்கமே கிடையாது.

போன வருடம் மாசி மாதம், பெரட்டுக்களத்தில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் சாய்ந்தார். பக்கவாதம். பதுளை ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அங்கே ஓடியாடிய ஒவ்வொருவரையும் நினைத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. நாம் சொல்வது எல்லாம் விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் “தா” என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பசித்தாலும் “தா”, கோபம் வந்தாலும் “தா”.

வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகு நான்தான் அவரைத் தூக்கினேன். கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கக்கூசுக்கு. இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்து, என் முழங்காலை அவர் முழங்காலோடு முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். இன்னோர் ஆளின் கை பட்டால் அவர் கூசிப்போவார் என்று எனக்குத் தெரியும். என் கை பட்டாலே, தூக்குகிற நேரமெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது. பாரம் பெரிதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க லதுஷா என்று ஒரு பிள்ளை இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தவள். பொறுமைக்கென்றே பிறந்தவள். பூனை, குடை, கதவு என்று பட அட்டைகளைக் காட்டுவாள். இவர் “தா” என்பார். மறுபடி காட்டுவாள். மறுபடி “தா”. சித்திரை கழிந்தது, வைகாசியும் கழிந்தது. ஒரு நாள் இடது கையால் மேசையில் இருந்த அட்டைகளை எல்லாம் வழித்துக் கீழே தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு “தா”வும் இல்லை.

லதுஷா என்னை வெளியே கூப்பிட்டாள். “அன்ரி, அங்கிளுக்குச் சொல் எல்லாம் உள்ளுக்க இருக்குது. வெளியில வாற வழிதான் அடைபட்டுக் கிடக்கு. ஆனா அவர் முயற்சியை விட்டிட்டார் எண்டால், பிறகு என்னாலயும் ஒண்டும் செய்யேலாது.”

ஹாலிஎலக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அவர் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் வாயை மூடமாட்டாரா என்று நான் ஏங்கிய மனிதர். வீடு அப்படி அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியை நான் வெறுத்தேன்.

ஆனி மாதம் ஒரு மாலையில் அலவி நானா வந்தார். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், இவருடைய பழைய கூட்டாளி. உர மூட்டைக் கதையை உலகத்திலேயே அதிகம் கேட்டவர் என்ற பெருமை எனக்கு அடுத்தபடி அவருக்குத்தான். நோய் வந்ததிலிருந்து அவர் வந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் மழையைப் பற்றியும் சீமெந்து விலையைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் அப்படித்தான்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். “டீச்சர், கலக்க வேணாம். சீனியக் கையில போடுங்க” என்றார் அலவி நானா. போட்டேன். இவருக்கு டொக்டர் சீனியைக் கிட்டவே காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆனால் நான் சீனிப் போத்தலை மூடப் போகும்போது இடது கை மெல்ல நீண்டது. உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். டொக்டர் என்னை மன்னிக்கட்டும். ஒரு சிட்டிகை போட்டேன்.

அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

“உரமா...” என்றார். “சீனியா...”

அலவி நானாவின் கையிலிருந்த தேத்தண்ணி அவர் மடியில் கொட்டியது. சுட்டதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

“பாக்காம... நக்கிட்டேன்.” இழுத்து இழுத்து வந்தது. ஆனால் வந்தது. “எல்லா மூட்டையையும் அன்னைக்கே... எறக்கிட்டேன்.” வலது கை எழும்பவில்லை. இடது கை, சீனியோடு, என் பக்கம் நீண்டது. “இந்த ஒரு மூட்டையத்தான்... இன்னும் எறக்க முடியல.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என்னை மூட்டை என்று சொன்ன வாய்க்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று அலவி நானா சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூடவே சொன்னேன்.

அடுத்த நாளே லதுஷாவிடம் போனோம். முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னார். பெரகலயில் தொடங்கி மூட்டை வரைக்கும், நடுவில் எங்காவது தடுக்கினால் நான் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தேன். அவள் கண் கலங்கக் கைதட்டினாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“அன்ரி, அங்கிள் இந்தக் கதையை எத்தினை தரம் சொல்லியிருப்பார்?”

“அட் நோஸியம்” என்றேன்.

சிரித்தாள். “அது நல்லதாப் போச்சுது. தேவாரம், ஒண்டு ரெண்டு எண்ணுறது, சின்ன வயசில படிச்ச பாட்டு, இப்பிடிச் சொல்லிச் சொல்லித் தேஞ்சது எல்லாம் சில பேருக்கு மிஞ்சி நிக்கும். அங்கிளுக்கு இந்தக் கதை மிஞ்சியிருக்கு. ஆனா அன்ரி, ஒண்டு சொல்லவேணும். இது இன்னும் பேச்சில்லை. பாட்டு மாதிரி அதுபாட்டுக்கு வருது. இதைப் பிடிச்சுக்கொண்டு அவர் வெளியில வரவேணும். கதையில இல்லாத ஒரு வசனத்தை அவராச் சொல்லுற அண்டைக்கு, எந்த நேரமெண்டாலும் எனக்குப் போன் எடுங்கோ.”

அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அன்று பின்னேரமே தெரிந்தது. அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. செம்பைக் கையால் காட்டினார். வாயைத் திறந்தார். “உரமா சீனியா” என்று வந்தது. தான் சொன்னது தனக்கே கேட்டு, தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி முயன்றார். “மீசக்காரரு நிக்கிறாரு.” தாகத்தில் இருக்கும் மனிதருக்கு வாயில் வந்த சொல் அதுதான். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் செம்பை வாயில் வைத்துப் பிடித்தேன். முழுக் கதையும் கையில் இருந்தும் தண்ணீர் என்று ஒரு சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்படியே நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

அப்புறம் வேறு வழி? கதைதான். காலையில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை. லதுஷா சொல்லித் தந்தபடி நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பேன். “ஏங்க, லொறி என்ன கலரு?” பதில் வராது. “லொறி ஒண்ணு வந்துச்சு” என்று பழையபடி ஓடிவிடுவார். “தேத்தண்ணி சூடா இருந்துச்சா?” “தகரக் கோப்பையில” என்பார். அது மட்டும் மறக்காது, பாருங்கள்.

வீட்டுக்கு வந்தவர்களையும் நான் விடவில்லை. கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். மீட்டர் பார்க்கிற பையன் “அக்கா, எனக்குத் தெரியும் அந்தக் கதை” என்றான். “தெரிஞ்சா என்ன? உக்காந்து கேளு” என்றேன். முன்பு அவரிடமிருந்து ஆட்களைத் தப்பவைத்தவள் நான். இப்போது பிடித்துக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்வதென்றால் கதை எனக்கு இன்னும் அலுப்பாகத்தான் இருந்தது. பக்தி வந்துவிட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். “ராகு காலம்னு உக்காந்துட்டாங்க” என்னும் இடத்தில் கொட்டாவி வரும். ஆனால் கொட்டாவி விட்டுக்கொண்டே, இந்த மனிதர் இதை ஒவ்வொருவரிடமும் சொல்லித் தேய்த்து வைத்ததற்கு நன்றி சொல்வேன். நான் அதட்டிய அதட்டலுக்கு அவர் அடங்கியிருந்தால் இன்றைக்கு எங்கள் வீட்டில் “தா” மட்டும்தான் மிஞ்சியிருக்கும். என் சொல்லைக் கேட்காத புருஷனைக் கொடுத்த முருகனுக்குக் கோடி கும்பிடு.

தீபாவளி வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அலவி நானா மனைவி றஷீனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் முறுக்கையும் தேத்தண்ணியையும் வைத்துவிட்டு, இவரைக் கட்டிலிலிருந்து கொண்டுவரப் போனேன். வழக்கமாக விருந்தாளிகள் வருவதற்கு முன்பே கதிரையில் உட்கார வைத்துவிடுவேன். அன்றைக்கு அவர்கள் கொஞ்சம் முந்தி வந்துவிட்டார்கள். திரை விலகியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அக்குளில் கையைக் கொடுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். அவர் எடை முழுவதும் என் தோளில் சாய்ந்தது. அலவி நானா உதவிக்கு எழும்பினார். “இருங்க நானா, எனக்குப் பழகிருச்சு” என்றேன். கதிரையில் இறக்கி உட்கார வைத்து, சாரத்தைச் சரிசெய்து, நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அவர் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, ஆரம்பிங்க” என்றேன். “நாங்க பெரகல பக்கம்...”

ஆரம்பித்தார். ராகு காலம், லொறி, மீசை எல்லாம் வந்தன. உள்ளங்கையில் சீனி வந்தது. றஷீனா சிரித்தாள். அவர் வழக்கம்போல் நிறுத்தி, சிரிப்பு முடியும்வரை பொறுத்தார். இடது கை எழும்பியது.

“எல்லா மூட்டையையும் அன்னைக்கே எறக்கிட்டேன்” என்றார். விரல் என்னை நோக்கி வந்து பாதியில் நின்றது. பிறகு திரும்பியது. தன் நெஞ்சைத் தொட்டார். “இந்த... இந்த ஒரு மூட்டைய...”

அதற்குமேல் வரவில்லை. உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எடுத்துக் கொடுக்க நான் வாயைத் திறந்தேன். அலவி நானா கையைக் காட்டி என்னை அடக்கினார்.

“இவ...” என்றார். விரல் இன்னும் அவர் நெஞ்சில்தான் இருந்தது. “இவ... இன்னும்... எறக்கல.”

றஷீனா முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்தாள். கதையில் இல்லாத வசனம். அவராகச் சொன்னது. லதுஷாவுக்குச் சொல்ல வேண்டும் என்று போனைத் தேடி எடுத்தேன். அவளுக்கு அப்புறம் சொல்லலாம்.

போனைக் கீழே வைத்துவிட்டு அவர் கதிரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் ஒருநாளும் எனக்காக அவரிடம் கேட்காததைக் கேட்டேன்.

“என்னங்க, இன்னொருக்கா சொல்லுங்க.”